லொகனிம்: ஊர்ப்பெயர் எழுதிப் பிழைக்கும் ஒருத்தியின் மதிப்புரை

ஊர்ப்பெயர் எழுதித்தான் எனக்குச் சோறு. தலவாக்கலை நகரத்தில் சின்னக் கடை: போட்டோகொப்பி, லெமினேட், ரீலோட், அதோடு படிவம் நிரப்பிக் கொடுப்பது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, பிள்ளையின் பாடசாலைக் கடிதத்தில் இன்னொரு மாதிரி இருக்கும். மூன்றையும் மேசையில் பரப்பி வைத்து, "இதில எது சரி தங்கச்சி?" என்று கேட்பார்கள். ஹட்டனா அட்டனா, டன்சினனா டன்சினேனா, ராகலையா இராகலையா? நான் என்ன நீதிபதியா? கடிதம் எந்த ஒபிசுக்குப் போகிறதோ, அந்த ஒபிஸ் எதிர்பார்க்கும் எழுத்தைப் போட்டு அனுப்பிவிடுவேன்.

இப்படி இருக்கும்போது, ஊர்ப்பெயர்களுக்கென்றே ஒரு நாடு தனியாக இணையத்தளம் வைத்திருக்கிறது என்று தெரிந்தால் பொறாமை வராதா? அயர்லாந்தின் ஊர்ப்பெயர்த் தரவுத்தளம். பெயர் லொகனிம். ஐரிஷ் மொழியில் 'லொக்' என்றால் இடம், 'ஆனிம்' என்றால் பெயர். டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஐரிஷ் மொழித் துறை, அரசின் ஊர்ப்பெயர்ப் பிரிவோடு சேர்ந்து அமைத்து 2008இல் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. காசு கேட்பதில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு பார்சலால். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவரின் மகள் அயர்லாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். மாசிச் சம்பலும் பருப்புப் பொடியும் அனுப்ப விலாசம் டைப் செய்ய வேண்டும். "டன் லீரின்னு சொல்றா, ஆனா எழுதி அனுப்பினத பாரு, இது வேற ஊராட்டம் இருக்கு" என்று போனை நீட்டினார். ஆங்கில எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தால் 'டன் லவோகயர்' என்று வருகிறது. இரண்டும் ஒரே ஊர்தானா என்று பார்க்கத்தான் தேடினேன். அக்கா போய் வெகு நேரமாகியும் நான் பக்கத்தை மூடவில்லை.

டன் லீரியின் கதையையே சொல்கிறேன், ஏனென்றால் பெயர்மாற்றம், எழுத்துமாற்றம் இரண்டும் இந்த ஒரு ஊரில் கிடைக்கிறது. டப்ளினுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற துறைமுகம். 'டூன்' என்றால் கோட்டை. 'லீரி' என்று இன்று ஒலிப்பது ஐந்தாம் நூற்றாண்டு அரசன் ஒருவனின் பெயர். ஆங்கிலேயர் முதலில் காதில் விழுந்தபடி 'டன்லியரி' என்று எழுதினார்கள். 1821இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் வந்து போனார் என்பதற்காக ஊருக்குக் 'கிங்ஸ்டவுன்' என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ நூறு வருடம் அதுதான் பெயர். 1920இல் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். திரும்பியபோது ஆங்கிலக் காதின் 'டன்லியரி'யை எடுக்காமல், நடுவிலே மூச்சு மட்டும் விடுகிற எழுத்துகளோடு பழைய ஐரிஷ் எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அந்த அக்காவின் மகள் வாயில் லீரியும் கடதாசியில் லவோகயரும்.

பிற்பாடு ஐரிஷ் மொழிக்கே எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. 1940களில் எழுத்துமுறையைச் சுருக்கினார்கள், 1958இல் இலக்கணத்தையும் சேர்த்து அதிகாரபூர்வத் தரநூல் வெளியிட்டார்கள். சொல்லுக்குள்ளே சும்மா உட்கார்ந்திருந்த எழுத்துகள் பல கழன்றன. மொழியின் பெயரே பழைய எழுத்தில் 'கேதில்கெ' மாதிரி நீண்டு கிடந்தது, இப்போது சுருங்கி 'கேல்கெ' ஆகிவிட்டது. புதிய முறைப்படி அந்த அரசனின் பெயரையும் சுருக்கித்தான் எழுத வேண்டும். ஆனால் ஊர்ப்பெயரில் மட்டும் பழைய நீளம் அப்படியே நிற்கிறது. வேறு ஊர்களில் அப்படி விடவில்லை. ராணி மேரியின் பெயரில் 'மேரிபரோ' என்று இருந்த ஊர் 1929இல் ஐரிஷ் பெயருக்கு மாறியபோது நீண்ட எழுத்தில்தான் எழுதினார்கள். இன்று அது ஒல்லியான 'போர்ட் லீஷ்'. ட்ராலி என்கிற ஊரின் ஐரிஷ் பெயரில் 'ட்ரா' என்ற சொல்லின் வாலில் இருந்த இரண்டு மூன்று எழுத்தும் போய்விட்டன. இதெல்லாம் யாரோ இணையத்தில் எழுதிய கதை இல்லை, தளத்தில் அந்தந்தப் பெயரைத் திறந்து பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்.

இதுதான் லொகனிமில் எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய சரியான எழுத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. பெரிய பெயர்கள் பலவற்றுக்கும், ஆராய்ந்து முடித்த சின்னப் பெயர்களுக்கும், எந்த ஆவணத்தில் எந்த வருடம் எப்படி எழுதியிருந்தது என்ற பட்டியல் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கையால் எழுதிய பழைய அட்டைகளை ஸ்கேன் செய்து அப்படியே போட்டிருக்கிறார்கள். மடிப்பு, அடித்தல், ஓரத்தில் பென்சில் குறிப்பு எல்லாம் தெரிகிறது. தீர்ப்போடு சாட்சியையும் சேர்த்துத் தருகிறார்கள். என் மேசைக்கு வரும் பத்திரங்களில் தீர்ப்பு மட்டும்தான் இருக்கும், அதுவும் ஒன்றுக்கொன்று முரணாக.

அந்தச் சாட்சிகளில் முக்கியமான ஒரு பகுதி ஒரே ஒரு காலத்தில், அதிகமும் ஒரே ஒரு மனிதரின் கையால் சேர்ந்தது என்பது எனக்கு வியப்பு. 1824இல் பிரித்தானிய அரசு படையினரை வைத்து அயர்லாந்து முழுவதையும் அளக்கத் தொடங்கியது. வரி போட நிலத்தின் எல்லை தெரிய வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். தொமஸ் கொல்பி என்பவர் தலைமை. மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில், அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத நுணுக்கத்தோடு வரைபடம் போட்டார்கள். 1846க்குள் தீவு முழுவதும் முடிந்தது. அங்கே நிலத்தின் மிகச் சிறிய அலகை டவுன்லேண்ட் என்பார்கள். அறுபதாயிரத்துக்கு மேல் டவுன்லேண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஐந்தாறு எழுத்து. காணி உறுதியில் ஒன்று, தேவாலயப் பதிவில் ஒன்று, வரிப் புத்தகத்தில் ஒன்று. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா?

படைவீரர்கள் எழுத்துகளையெல்லாம் பெயர்ப் புத்தகங்களில் சேர்த்தார்கள். எதை வரைபடத்தில் போடுவது என்று தீர்மானிக்க ஐரிஷ் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி 1830இல் வேலைக்கு வந்தவர் ஜோன் ஓ'டொனவன், கில்கெனிக் கவுண்டியில் (கவுண்டி நம் மாவட்டம் மாதிரி) 1806இல் பிறந்தவர். 1834 முதல் சில வருடம் கவுண்டி கவுண்டியாகப் போய், ஊரில் ஐரிஷ் பேசும் வயதானவர்களைத் தேடி, பெயரைச் சொல்லச் சொல்லிக் காதால் கேட்டு, பழைய கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டு, பெயர்ப் புத்தகத்தில் ஐரிஷ் எழுத்தில் ஒன்றும் ஆங்கில எழுத்தில் ஒன்றும் எழுதினார். போகிற ஊரிலிருந்தெல்லாம் டப்ளின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் தனிப் புதையல்.

வரைபடத்தில் அச்சானது ஆங்கில எழுத்து மட்டும். ஐரிஷ் எழுத்து பெயர்ப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. அதனால் அவரை வையும் ஆட்களும் இருக்கிறார்கள்: ஒரு நாட்டின் பெயர்களை அந்நியக் காதுக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைத்த வேலையில் பங்குகொண்டவர் என்று. நான் வையமாட்டேன். வரைபடம் முடிந்த நேரத்தில்தான், 1845இல், உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது. ஐரிஷ் பேசிய ஏழைக் குடியானவர்கள் லட்சக்கணக்கில் செத்தார்கள், இன்னும் லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள். ஓ'டொனவன் பத்து வருடம் பிந்திப் போயிருந்தால் பல ஊர்களில் பெயரைச் சொல்லிக் காட்ட ஆளே இருந்திருக்காது. இன்று லொகனிமில் ஐரிஷ் வடிவத்தை மீட்டுப் போடுகிறார்கள் என்றால், அந்தப் பெயர்ப் புத்தகம் இல்லாமல் அதில் பாதியும் முடிந்திருக்காது.

சரி, ஆங்கிலக் காது செய்த கூத்துக்கு வருவோம். அயர்லாந்து வரைபடத்தில் 'கில்' என்று தொடங்கும் ஊர்கள் எண்ணி மாளாது. கில்டேர், கிலார்னி, கில்கெனி, கில்லெட்டர். பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம். உண்மையில் இரண்டு குடும்பம். ஐரிஷில் 'கில்' என்றால் தேவாலயம். கில்டேர் ஓக் மரத்துத் தேவாலயம், கிலார்னி ஸ்லோ என்கிற காட்டுப்பழத்தின் தேவாலயம், கில்கெனி கன்னியாக் என்ற புனிதரின் தேவாலயம். ஆனால் காட்டுக்கு இன்னொரு சொல் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அது 'கொயில்'. ஆங்கிலத்தில் எழுதும்போது அதுவும் பல இடத்தில் 'கில்' ஆகிவிட்டது. டைரோன் கவுண்டியின் கில்லெட்டர் அப்படித்தான்: கீழ்க்காடு. சில இடத்தில் 'கைல்' என்று தப்பித்தது. கோல்வேயில் பெரிய மடம் இருக்கிற கைல்மோர், பெருங்காடு. (கோயிலுக்கு கில்லாம், காட்டுக்குக் கொயிலாம். தமிழ்க்காரருக்கு இது தலைகீழாகத்தான் ஏறும்.)

ஆங்கில எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எது கோயில், எது காடு என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய ஆவணம் வேண்டும், ஊரார் வாய் வேண்டும். லொகனிம் அந்த இரண்டையும் வைத்துத்தான் பிரிக்கிறது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் இதே கூத்தை நாமும் செய்திருக்கிறோம். நம்முடைய ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: தலவாக்கலை, லபுக்கலை, கொட்டகலை, ராகலை. தமிழில் எல்லாம் 'கலை'. சிங்களத்தில் பாருங்கள். கொட்டகல, ராகல: இங்கே 'கல' என்றால் பாறை. ஆனால் தலவாக்கெலே, லபுகெலே: இங்கே 'கெலே' என்றால் காடு. லபுக்கலை சுரைக்காய்க் காடு. நம் வாயில் பாறையும் காடும் ஒன்றாகிவிட்டன. எழுத்தில் பார்த்தால் ஏதோ கலை, சிற்பம் சம்பந்தப்பட்ட ஊர்கள் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். நான் பிறந்து வளர்ந்த ஊரின் பெயரில் காடு ஒளிந்திருக்கிறது என்று அயர்லாந்துக்காரர்கள் கட்டிய தளம்தான் யோசிக்க வைத்தது. இங்கே காடு எப்போதோ தேயிலையாகிவிட்டது, அது வேறு கதை.

தளத்தில் சொற்கோவை என்று ஒரு பகுதி இருக்கிறது. தோட்டத்து ஆட்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள்: 'பாலி' என்று ஆங்கிலத்தில் ஆகிப்போன ஊர், 'நொக்' ஆன குன்று, 'ட்ரம்' ஆன முதுகுமேடு, 'க்ளொன்' ஆன புல்வெளி, 'ஸ்லீவ்' ஆன மலை, 'டெரி' ஆன ஓக் தோப்பு, 'மோர்' பெரியது, 'பெக்' சின்னது. 'கிளன்' என்றால் பள்ளத்தாக்கு. டிக்கோயாப் பக்கம் கிளன்கேன், அக்கரப்பத்தனையில் கிளன்லையன், மஸ்கெலியாவில் கிளன்டில்ட் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆட்களிடம் "கிளன்னா பள்ளத்தாக்கு" என்றால், "அட, அதான் எல்லாம் பள்ளத்தில கிடக்கா" என்று சிரிக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் தோட்டத்துப் பெயர்கள் பெரும்பாலும் ஸ்கொட்லாந்துத் துரைமார் வைத்தவை. அயர்லாந்து வேறு, ஸ்கொட்லாந்து வேறு. இரண்டின் பழைய மொழிகளும் அக்கா தங்கை, அதனால் கிளன், டன், ட்ரம் எல்லாம் இரண்டு பக்கமும் கிடைக்கும். ஆனால் டிக்கோயாவின் டன்கெல்ட் ஸ்கொட்லாந்து ஊர், கலிடோனியரின் கோட்டை என்று அர்த்தம். அதை லொகனிமில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டன்னில் தொடங்கும் அயர்லாந்துக்காரர்கள் டன்டோக், டன்கார்வன், டன்கனன். பொகவந்தலாவைப் பக்கத்துக் கில்லானித் தோட்டம் மட்டும் தாராளமாகத் தேடலாம். ஆங்கிலப் பலகையில் கிலார்னி. நம் சனங்களின் வாயில் கில்லானி. தளத்தில் பொத்தானை அழுத்தி ஐரிஷ்காரர் 'கில் ஆர்னெ' என்று சொல்வதைக் கேட்டேன். ஆங்கிலக் காது ஒரு தடவை, நம் காது ஒரு தடவை என்று அந்தப் பெயர் இரண்டு முறை தேய்ந்திருக்கிறது.

அந்த ஒலிப் பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரிஷ் எழுத்து கண்ணுக்கு மிரட்டலாக இருக்கும், ஆனால் உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆங்கில 'பி' (b) எழுத்துக்குப் பின்னால் 'எச்' (h) வந்தால் பெரும்பாலும் 'வ' ஒலி. பழைய ஐரிஷ் எழுத்தில் இந்த 'எச்' கிடையாது, மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். சாதாரண ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளி போய் 'எச்' வந்தது, எழுத்து நீண்டது. இது தெரிந்தால் கோவ் ஊரின் பெயர் புரியும். கோர்க் துறைமுகத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் 'கோவ்', சிறு வளைகுடா. 1849இல் விக்டோரியா ராணி வந்ததால் 'குயின்ஸ்டவுன்'. 1912இல் டைட்டானிக் கடைசியாகத் தொட்ட துறைமுகம் என்று புத்தகங்களில் வருகிற குயின்ஸ்டவுன் இதுதான். பிறகு 1920இல் திரும்பவும் கோவ், ஆனால் ஐரிஷ் எழுத்தில், வாலில் அந்த 'பி எச்'சோடு (Cobh). அதாவது ஆங்கிலச் சொல்லையே ஐரிஷ் சேலை கட்டி அழைத்து வந்திருக்கிறார்கள். மீட்ட பெயர் எல்லாம் பழம்பெயர் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுவேன்.

சில இடத்தில் ஆங்கிலப் பெயரும் ஐரிஷ் பெயரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. வாட்டர்ஃபோர்ட், வெக்ஸ்ஃபோர்ட், விக்லோ மூன்றும் கடல்வழி வந்த வைக்கிங் ஆட்கள் விட்டுப்போன பெயர்கள். ஐரிஷில் அவை போர்ட் லார்கெ, லொக் கர்மன், கில் வான்டான். டப்ளின் இன்னும் வேடிக்கை. டப்ளின் என்பதே ஐரிஷ்தான், கருங்குளம். ஆனால் ஐரிஷ் பேசுபவர்கள் நகரத்தை அப்படிச் சொல்வதில்லை. பின்னிய தட்டி போட்டு ஆற்றைக் கடக்கும் துறையின் ஊர் என்ற அர்த்தத்தில் 'பல்யா ஆஹ க்லீயா' என்கிறார்கள். பஸ்ஸின் நெற்றியிலும் அதுதான் வரும். அங்கே போகிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பெயர்ச்சண்டை அங்கேயும் இருக்கிறது. ஐரிஷ் பேசும் மேற்குப் பகுதிகளுக்கு 2004இல் ஒரு ஆணை வந்து 2005இல் நடைமுறையானது: அரசுப் பலகைகளில் ஐரிஷ் பெயர் மட்டும். டிங்கிள் என்ற ஊர் சுற்றுலாவை நம்பியிருக்கிற ஊர். பலகையில் டிங்கிள் போய் 'அன் டேங்கன்' வந்ததும் சனங்கள் கொதித்துவிட்டார்கள். வருகிற வெள்ளைக்காரன் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டாமா? தவிர, அவர்கள் ஐரிஷில் சொல்லி வந்தது 'டேங்கன் இ குஷ்' என்ற முழுப் பெயர். அரசு பாதியை வெட்டிவிட்டது. 2006இல் ஊரில் வாக்கெடுப்பு நடத்தி பெரும்பான்மையாக எதிர்த்தார்கள். கடைசியில் 2011இல் சட்டத்தைத் திருத்தி, ஆங்கிலத்தில் டிங்கிள், ஐரிஷில் முழுப் பெயர் என்று முடித்தார்கள். பெயரை மீட்பதும் அரசுதான், மீட்கிற வேகத்தில் ஊராரைக் கேட்காமல் விடுவதும் அரசுதான். இங்கே பூண்டுலோயாவின் டன்சினனில் 2018இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் 404 வீடு கட்டி 'மகாத்மா காந்தி புரம்' என்று பெயர் வைத்தார்கள். என்னிடம் படிவம் நிரப்ப வருகிறவர்கள் "டன்சினன்னே போடுங்க" என்கிறார்கள்.

விலாசத்துக்கு வருகிறேன், என் தொழில் அதுதானே. அயர்லாந்தின் கிராமப்புறத்தில் ஒரே டவுன்லேண்டுக்குள் எல்லா வீட்டுக்கும் ஒரே விலாசமாக இருந்தது. வீட்டு இலக்கம் கிடையாது. தபால்காரருக்கு ஆளைத் தெரியும், அவ்வளவுதான். 2015இல்தான் எயர்கோட் என்ற ஏழு எழுத்துக் குறியீடு வந்தது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக. டன் லீரிக்குத் தொடக்கம் ஏ96. அந்த அக்காவின் பார்சலில் ஊர்ப்பெயரை ஐரிஷ் எழுத்திலேயே எழுதி, கீழே குறியீட்டையும் போட்டேன். நம் லயங்களில் எத்தனை வீட்டுக்கு இன்னும் இலக்கம் இல்லை, கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய் எப்போது கைக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஐரிஷ் டவுன்லேண்ட் நிலைமையை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தளத்தில் இன்னொரு நுணுக்கம்: பெயரோடு அதன் வேற்றுமை வடிவத்தையும் தருகிறார்கள். ஐரிஷில் 'இன்ன ஊரின் பாடசாலை' என்று சொன்னால் ஊர்ப்பெயரின் தலையோ வாலோ மாறும். தலவாக்கலை, தலவாக்கலையின் என்று நமக்கு வாலில் ஒட்டினால் போதும். அவர்களுக்குத் தொடக்க எழுத்தே உருமாறும். கில் மான்டான் ஆக வேண்டியது கில் வான்டான் ஆனதும் அந்த வகைதான். பலகை எழுதுகிறவர் பிழை விடாமல் இருக்க இது உதவும். எனக்கு இது அதிகம் பயன்படவில்லை.

சாதாரண ஆளுக்குச் சிரமம் எங்கே என்றால், எல்லாப் பெயருக்கும் அர்த்தம் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். சொற்களைப் பிரித்துக் காட்டுவார்கள், சிலவற்றுக்கு விளக்கக் குறிப்பு இருக்கும், மற்றவற்றை நாமே சொற்கோவையில் தேடிச் சேர்க்க வேண்டும். ஆராய்ச்சி முடியாத டவுன்லேண்டுகளும் உண்டு. முடியாததை முடிந்த மாதிரி காட்டாததை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வட அயர்லாந்துப் பெயர்களுக்கு பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தம்பதென்னைத் தோட்டத்தை 1890இல் வாங்கிய தேயிலை வியாபாரி தொமஸ் லிப்டனின் பெற்றோர் வட அயர்லாந்தின் ஃபெர்மனா கவுண்டிக்காரர்கள். ஹப்புத்தளை ஆட்கள் லிப்டன் சீட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் ஃபெர்மனாவைத் தேடிப் பார்க்கலாம். பக்கத்து ஊர் குளோனிஸ். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'க்ளோன்ஸ்' என்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள்.

மெஹல் என்று ஒரு துணைத்தளமும் இருக்கிறது. அயலார் கூடி ஒருவர் வயலில் வேலை செய்து கொடுப்பதற்கு ஐரிஷில் உள்ள சொல் அது. வரைபடத்தில் ஏறாத சின்னப் பெயர்களை, வயல், பாறை, ஓடை, வளைவு, ஊரார் தாங்களே அதில் பதியலாம். இதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்தேன். படிவம் நிரப்ப வருகிற வயதானவர்களிடம் அவர்கள் கொழுந்து எடுத்த மலையின் பெயரைக் கேட்டு எழுதுகிறேன். ஒபிஸ் புத்தகத்தில் அதற்கு இலக்கம் மட்டும்தான். யார் சொன்னது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்றும் பக்கத்தில் குறிக்கிறேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுகிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது, முதல் தடவை வருகிறவருக்குக் கை பிடித்துக் காட்ட ஆள் இல்லாததற்கு. ஆங்கில எழுத்திலேயே தேடலாம், ஐரிஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஸ்கேன் அட்டைகளைப் போனில் பார்த்தால் கண் போய்விடும், கொம்பியூட்டரில் பாருங்கள். 'கில்' என்று தொடங்கும் ஊர் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.